பன்னிரண்டாம் டோக்கன்

முதல் கேள்வி இப்படி இருந்தது: "ஆஸ்பத்திரியில் உங்களை எப்படிக் கவனித்தார்கள்?"

அறுபத்து மூன்று பேரிடம் கேட்டேன். அறுபத்து மூன்று பேரும் "கவுன்பாதெ" என்றார்கள். நன்றாக இருக்கிறது என்று பொருள். பர்மியரும் அதையே சொன்னார்கள், தமிழரும் அதையே சொன்னார்கள். கால் வீங்கி நடக்க முடியாதவர் சொன்னார். மருந்து இல்லையென்று மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட அம்மா சொன்னாள். சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள்.

யங்கோனில் பிறந்தவனுக்கு இது புதிதல்ல. இங்கே இதற்கு 'ஆனாதெ' என்று ஒரு சொல் உண்டு. நாம் வாய் திறந்தால் எதிரில் இருப்பவர் மனம் சங்கடப்படுமே என்று, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவது. நாங்கள் நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம். விழுங்கப் பழகிவிட்டோம்.

அது தின்கன்ஜூன் பேட்டையில் எங்கள் தமிழர் சங்கம் நடத்தும் தர்ம ஆஸ்பத்திரி. படுக்கை கிடையாது. இரண்டு டாக்டர்கள், நான்கு நர்சுகள், ஒரு நீள பெஞ்சு. அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் குறைந்துபோன இந்த வருஷங்களில் இங்கே கூட்டம் மூன்று மடங்காகிவிட்டது. வந்துபோகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுக் கமிட்டிக்குச் சொல்ல ஒரு குழு வைத்தார்கள். நோயாளர் துணைக்குழு. அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களோ அவர்கள் வீட்டாரோதான் அதில் சேரலாம். ஏழு பேர் இருக்கிறோம். சம்பளம் இல்லை. கழுத்தில் ஒரு மஞ்சள் அட்டை.

நான் சேர்ந்தது ஊருக்கு நல்லது செய்ய அல்ல. பன்னிரண்டாம் டோக்கன் யாரிடம் போனது என்று கண்டுபிடிக்கச் சேர்ந்தேன்.

என் பெயர் தனசேகரன். வயது முப்பத்தொன்று. ரசாயனத்தில் பட்டம். ஷ்வேப்யிதாவில் ஒரு துணி ஆலையில் சாயம் சோதிக்கும் வேலை. என் மனைவி சாந்தகுமாரி போன அக்டோபரில், தடின்ஜு விளக்குத் திருநாள் முடிந்த மறு செவ்வாய்க்கிழமை இறந்தாள். அவளுக்கு வயது இருபத்தேழு.

அன்று நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முந்தின நாளிலிருந்து அவளுக்கு வயிற்று வலி. விடிவதற்குள் எழுந்து போய், ஐந்து மணிக்கு வரிசையில் நின்று டோக்கன் வாங்கினேன். பன்னிரண்டு. அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஆலை பஸ்ஸைப் பிடித்தேன். ஃபெர்ரி என்பார்கள் அதை. ஆறேகாலுக்கு வரும், நிற்காது. எட்டரை மணிக்கு அவள் போன் செய்தாள்.

"இன்னும் ஆள் இருக்கு. நேரமாகும் போல."

"பன்னெண்டுதானே? உட்காரு. கூப்பிடுவாங்க."

"சரி. நீங்க சாப்பிட்டீங்களா?"

"மெஷின் ஓடுது. அப்புறம் பேசறேன்."

பன்னிரண்டரை மணிக்கு பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டாள். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கி, குழாய் வெடித்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது என்றார்கள். அவள் கர்ப்பமாக இருந்தது எங்களுக்குத் தெரியாது.

காரியங்கள் முடிந்த பிறகு பதிவேட்டைக் கேட்டேன். காட்டினார்கள். அதில் பெயர் எழுதுவதில்லை. டோக்கன் எண், வயது, ஆணா பெண்ணா, உள்ளே போன நேரம், அவ்வளவுதான். பன்னிரண்டுக்கு நேரே எழுதியிருந்தது: பெண், வயது 3, எட்டு பத்து.

அந்தப் பக்கம் முழுவதையும் படித்தேன். முப்பத்தெட்டுக்கு நேரே "ஆள் இல்லை" என்று இருந்தது. அதையும் படித்தேன். அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சங்கச் செயலாளர் விநாயகமூர்த்தி ஐயா பக்கத்தில் நின்றிருந்தார். இரும்புக்கடைக்காரர். "நம்பரை மாத்தி எழுதியிருப்பாங்க தம்பி. கூட்டம் அப்படி" என்றார். அவருக்கு மூன்று வயதில் ஒரு பேத்தி இருப்பது எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து பதிவேட்டை மூடினார்.

சவ வண்டிக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். சுடுகாட்டில் மழையோடு கடைசிவரை நின்றவரும் அவர்தான். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் போதுமாக இருந்தது எனக்கு. குற்றம் செய்தவனின் பயம்.

ஆனாலும் பதினாறாம் நாள் கழிந்ததும் அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு குடிதண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுத்தேன். இறந்தவர் பேரில் தண்ணீர் வைப்பது இந்த ஊர் வழக்கம். பெஞ்சுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். எவர்சில்வர் தகட்டில் தமிழிலும் பர்மியத்திலும் அவள் பெயர். நானும் என் பங்குக்கு கவுன்பாதெ சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

*

குழுவை நடத்துவது ஏஞ்சலா அக்கா. நாற்பது வயது. மாதாகோயில் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். காசநோய் வந்து இதே ஆஸ்பத்திரியில் குணமானவள். "ஒன்றரை நுரையீரல்தான் எனக்கு. ரெண்டும் இருந்திருந்தா ஊர் தாங்காது" என்பாள். ஊர் இப்போதே தாங்குவதில்லை.

என் அறுபத்து மூன்று தாள்களையும் புரட்டினாள். "கவுன்பாதெ, கவுன்பாதெ, கவுன்பாதெ. இந்த ஆஸ்பத்திரி சொர்க்கத்துல கட்டினது போல இருக்கு. செத்தா நேரா இங்க வந்துடலாம்."

சொன்ன பிறகு என்னைப் பார்த்தாள். "மன்னிச்சுக்க தனா. என் வாய்."

"பரவாயில்லைக்கா."

"ஜூலை முதல் ஞாயிறு கமிட்டி. நாம கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அரை மணிக்கு ஒரு தடவை ஒரு நர்ஸ் எழுந்து வந்து பெஞ்சில இருக்கிறவங்க மூஞ்சியைப் பார்க்கணும். யாரு மோசமா இருக்காங்களோ அவங்க முதல்ல உள்ள போகணும். நம்பர் எதுவா இருந்தாலும் சரி. இதைக் கேட்டா செயலாளர் என்ன செய்வார் தெரியுமா? 'ஜனங்க குறையே சொல்லலியேம்மா'ன்னு உன் தாளையே எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவார்."

டோக்கன் முறையைக் கொண்டுவந்தவர் செயலாளர்தான். அதற்கு முன் கமிட்டிக்காரர்களின் சொந்தக்காரர்கள் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். கூலி வேலைக்காரர்கள் மத்தியானம் வரை வெயிலில் நின்றார்கள். அவர் ஒருநாள் பின்வாசலைப் பூட்டிவிட்டு, "யாராக இருந்தாலும் நம்பர்" என்று போர்டு எழுதி மாட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வீடு வீடாகப் போயும் பயனில்லை. எழுதும் தாளைக் கண்டால் இப்போது கதவு பாதிதான் திறக்கிறது. வார்டு ஆபீஸ் பட்டியலோ, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பட்டியலோ என்று பயம். தாளிலிருந்து பெயர்க் கட்டத்தை அடித்துவிட்டுக் காட்டினேன். அப்போதும் கவுன்பாதெதான்.

மாறியது தற்செயலாக. செல்லையா என்று ஒரு பெரியவர். முனிசிபாலிட்டியில் குழாய் போட்டு ஓய்வு பெற்றவர். முட்டி வலிக்கு வருகிறவர்.

"எப்படிக் கவனிச்சாங்க, பெரியவரே?"

"கவுன்பாதெ. எனக்கென்னப்பா, மூணு மணி நேரம் உட்கார்ந்தேன். வூட்ல இருந்தாலும் உட்கார்ந்துதான் இருக்கப் போறேன். பக்கத்துல ஒருத்தன் இருந்தான் பாரு, சைக்கா ரிக்ஷா மிதிக்கிறவன், அவன்தான் பாவம். நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டான். வேர்வை சொட்டுது. லுங்கியெல்லாம் நனைஞ்சிடுச்சு."

"நர்ஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நம்பர் வரட்டும்னுட்டான். அந்த நர்ஸ் பொண்ணும் காலையிலேர்ந்து தண்ணி குடிக்கலப்பா. அதுகிட்டப் போய் எப்படிச் சொல்றது?"

கேள்விக்கான கட்டத்தில் கவுன்பாதெ என்று எழுதினேன். மீதியைத் தாளின் ஓரத்தில் எழுதினேன். ஏஞ்சலா அக்கா கட்டத்தைப் படிக்கவில்லை. ஓரத்தை இரண்டு முறை படித்தாள்.

"அடப் பாவிகளா. தன்னைப் பத்திக் கேட்டா வாயைத் தைச்சுக்கிறாங்க. பக்கத்துல இருக்கிறவனைப் பத்திக் கேட்டா நம்ம ஜனம் என்னிக்கு நிறுத்தியிருக்கு?"

அன்றே முதல் கேள்வியை மாற்றினோம். "பெஞ்சில் உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்? அவருக்கு எப்படி இருந்தது?"

அதன் பிறகு என் பேனாவால் ஈடு கொடுக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த கிழவி தரையிலேயே படுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர் மூன்று முறை வெளியே போய் வாந்தி எடுத்தார், திரும்பி வருவதற்குள் அவர் நம்பரைத் தாண்டிவிட்டார்கள், அவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். சிலர் பக்கத்தில் இருந்தவரைப் பற்றிச் சொல்லச் சொல்ல அது அவர்களைப் பற்றியதுதான் என்று எனக்குத் தெரிந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஒவ்வொருவரிடமும் கடைசியில் தாளில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்டேன். தடின்ஜு முடிந்த செவ்வாய்க்கிழமை நீங்கள் வந்திருந்தீர்களா? எட்டு மணிக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று உள்ளே போனதே, அது யார் வீட்டுக் குழந்தை?

ஏஞ்சலா அக்காவுக்கு இது தெரிந்துவிட்டது. "நீ என்ன சி.ஐ.டி.யா? ஜனங்க பயப்படறாங்க."

சொன்னேன். பதிவேடு, எட்டு பத்து, செயலாளரின் பேத்தி.

"அந்தக் குழந்தை அப்ப மாண்டலேல அவங்கம்மாவோட இருந்துச்சு தனா."

"அப்படின்னு யார் சொன்னா?"

நான் நம்பவில்லை. எட்டு மாதமாக அந்த ஒரு நினைப்புதான் என்னைக் காலையில் எழுப்பி ஃபெர்ரியில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட நான் தயாராக இல்லை.

*

ஜூன் கடைசியில், விடாத மழையில், மிங்கலா தாங்ஞுன்ட்டுக்குப் போனேன். ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. ஜஸீலா என்ற பெண். புருஷன் மலேசியாவில். வீட்டில் ரவையில் சன்வின்மகின் கேக் சுட்டு டீக்கடைகளுக்குப் போடுகிறாள். வீடு முழுக்கத் தேங்காய்ப்பால் வாசனை. ஒரு பெண் குழந்தை கட்டிலுக்கடியில் கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"பெஞ்சில உங்க பக்கத்துல யாரு இருந்தாங்க? ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா அண்ணே" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "தடின்ஜு முடிஞ்ச வாரம். பாப்பாவுக்குக் காய்ச்சல். அனல். எனக்குக் கிடைச்சது முப்பத்தெட்டு. எட்டு மணி போல பாப்பாவுக்குக் கண்ணு மேல போயிடுச்சு. கையி காலு வெட்டி வெட்டி இழுக்குது. நர்ஸைக் கூப்பிடணும்னு தோணுது, வாய் வரல. எல்லாரும் நம்பரோட உட்கார்ந்திருக்காங்க, நான் எப்படி முந்துறது? பக்கத்துல ஒரு அக்கா இருந்தாங்க. பச்சைத் தமெய்ன் கட்டியிருந்தாங்க, வெள்ளைப் பூ போட்டது."

அந்தத் தமெய்ன், இங்கே பெண்கள் உடுத்தும் லுங்கி, எங்கள் வீட்டுக் கொடியில் இன்னும் தொங்குகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து எடுத்துத் துவைத்து நான்தான் போட்டேன்.

"அப்புறம்?"

"அவங்க நம்பரைக் கூப்பிட்டாங்க. பன்னெண்டு. அவங்க எழுந்திருக்கல. என் கையிலேர்ந்து டோக்கனைப் பிடுங்கிட்டு அவங்களுதை வெச்சு அழுத்தினாங்க. 'ஓடுங்க, எனக்கு வயித்து வலிதான், நான் உட்கார்ந்துக்கறேன்'னாங்க. நான் முழிச்சேன். உடனே சிரிச்சாங்க. 'எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. அஞ்சு மணிக்கு எழுந்து போய் வாங்கினது'ன்னாங்க."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். கை எழுதியது. அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. எழுத்து ஒழுங்காகத்தான் இருக்கிறது.

"பாப்பாவுக்கு ஊசி போட்டு, உடம்பைத் துடைச்சு, பக்கக் கதவு வழியா படுக்கை இருக்கிற ஒரு கிளினிக்குக்கு அனுப்பிட்டாங்க. நான் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லல அண்ணே. அவங்க எப்படி இருக்காங்க? உங்ககிட்டதான் எல்லார் விவரமும் இருக்குமே."

குழந்தை கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து என் மஞ்சள் அட்டையைப் பிடித்து இழுத்தது.

"நல்லா இருக்காங்க" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேக்குத் துண்டுகள் அடுக்கி எடுத்து வந்தாள். "அவங்ககிட்ட சேர்த்துடுங்க அண்ணே. பாப்பாவோட அம்மா குடுத்தான்னு சொல்லுங்க, தெரியும். டின்னு மெதுவா வரட்டும்."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி இருப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து டின்னை மேஜைமேல் வைத்தேன். எட்டு மாதமாக நான் வெறுத்துக்கொண்டிருந்த ஒருவர் உலகத்தில் இல்லவே இல்லை. எட்டு பத்துக்கு அவள் டோக்கனைக் கொடுத்தாள். எட்டரைக்கு எனக்குப் போன் செய்தாள். அப்போது அவள் கையில் இருந்தது முப்பத்தெட்டு. நேரமாகும் போல என்றாள். திட்டுவேன் என்று நினைத்து விஷயத்தைச் சொல்லாமல் நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். நான் உட்காரு என்றேன். உட்கார்ந்தாள்.

*

ஏஞ்சலா அக்கா தாளை வாசித்துவிட்டு மேஜையைத் தட்டினாள். "இது ஒண்ணு போதும். தாளா வேண்டாம், ஜஸீலாவே கமிட்டிக்கு வந்து சொல்லட்டும். பச்சைத் தமெய்ன் கட்டின அந்த..." நிறுத்தினாள். தாளின் மேலிருந்த தேதியைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"தனா."

"ஆமாக்கா."

தாளைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

"கமிட்டியில அத்தனை பேருக்கும் உன் விஷயம் தெரியும். அவ வந்து பேசினா அங்கேயே யாராவது போட்டு உடைச்சிடுவாங்க. தன் குழந்தை பிழைச்சதுக்கு ஒருத்தி செத்தான்னு அவ நாலு பேர் நடுவுல தெரிஞ்சுக்கணுமா? தாளை எடுத்துடலாம். யாரும் கேக்க மாட்டாங்க."

"எடுத்துட்டா?"

"மத்ததை வெச்சு முட்டிப் பார்க்கலாம். ஆனா உயிர் போன பேச்சு வேற எதுலயும் இல்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஒண்ணு எடுத்துடு. இல்ல, நீயே முன்னாடி போய்ச் சொல்லிடு. என்னை முடிவு பண்ணச் சொல்லாத."

இரண்டு நாள் டின் மேஜைமேல் இருந்தது. மூன்றாம் நாள் கேக்கு புளித்த வாடை வந்தது. ஒரு துண்டு தின்றேன். மீதியை எடுத்துவிட்டு டின்னைக் கழுவித் துடைத்தேன். சாந்தகுமாரி யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டாள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். அடுப்படியில் தேடினேன். அவள் வாங்கி வைத்த பனைவெல்லம் ஒரு பொட்டலம் இருந்தது. மழைக்குக் கசிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லதாகப் பார்த்து ஏழெட்டு உருண்டை எடுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். ஜஸீலா டின்னைத் திறந்து பார்த்தாள்.

"அவங்க குடுத்தாங்களா?"

"அவங்க வாங்கினதுதான்." நான் வாசலிலேயே நின்றேன். "தங்கச்சி, நான் அன்னைக்குப் பொய் சொன்னேன். அவங்க என் மனைவி. அன்னைக்கு மத்தியானமே அந்த பெஞ்சிலேர்ந்து விழுந்து இறந்துட்டாங்க."

அவள் அழவில்லை. டின்னின் மூடியை அதன் மேல் வைத்து அழுத்தினாள். அது சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"அஞ்சு மணிக்கு எழுந்தவர் நீங்களா?"

"ஆமா."

உள்ளே குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. பர்மியப் பாட்டு, பள்ளியில் கற்றுக்கொடுப்பது.

"நல்லா இருக்காங்கன்னு ஏன் சொன்னீங்க?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

"இப்ப மட்டும்?"

நாளைக்குக் கமிட்டி, அதற்காக வந்தேன், நீங்கள் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வராவிட்டால் அந்தத் தாளை எடுத்துவிடுவேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஆலையில் அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. அவள் கதவைச் சாத்தினாள். கோபமாகச் சாத்தவில்லை. சத்தமே வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. ஆஸ்பத்திரிக் கூடத்திலேயே. கரண்டு இல்லை. நோயாளிகள் இல்லாத நாள் என்பதால் கமிட்டிக்காரர்கள் ஒன்பது பேரும் அந்த நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி போதவில்லை.

ஏஞ்சலா அக்கா ஒவ்வொரு தாளாக வாசித்தாள். சைக்காக்காரர், தரையில் படுத்த கிழவி, வாந்தி எடுத்தவர். செயலாளர் கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் பக்கத்துல இருந்தவங்க சொன்னதுதானேம்மா? அவங்கவங்க சொன்னதா ஒண்ணு இருக்கா? நாளைக்கு நர்ஸ் ஒருத்தரை முன்னாடி கூட்டிட்டுப் போனா, வேண்டியவங்களைக் கூட்டிட்டுப் போனாங்கன்னு பேச்சு வரும். பழைய பின்வாசலை நானே பூட்டினேன். இன்னொரு பேர்ல அதை நானே திறக்கணுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவரை அவர் சொன்ன எதிலும் நான் நியாயம் தேடியதில்லை.

தாள் என் சட்டைப்பையில் மடித்து இருந்தது. ஏஞ்சலா அக்கா என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. ஜஸீலா. குழந்தை இடுப்பில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெஞ்சுக்கு எதிரே நின்றாள்.

"நான் யாரையும் குறை சொல்ல வரல" என்று ஆரம்பித்தாள். அந்த டோக்கன் கதையைச் சொன்னாள். என்னிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில். சாந்தகுமாரி சிரித்ததைச் சொன்னாள். ஐந்து மணியைச் சொல்லவில்லை. "அன்னைக்கு மத்தியானம் அவங்க இங்கதான் விழுந்தாங்க. நீங்க உட்கார்ந்திருக்கிற இடம். எனக்கு நேத்துதான் தெரியும்."

கமிட்டியில் ஒருவர் மெல்லச் சொன்னார். "அந்தப் பொண்ணு தானா விரும்பிக் குடுத்தது அம்மா. அதுக்கு ஆஸ்பத்திரி என்ன பண்ணும்?"

"அன்னைக்கு இந்த பெஞ்சில யாரு மோசமா இருக்காங்கன்னு பார்த்தது அவங்க ஒருத்தங்கதான்" என்றாள் ஜஸீலா. "அவங்க நர்ஸ் இல்ல. அவங்களும் வயித்து வலியோட வந்தவங்க. அவங்களை யாரும் பார்க்கல. நானும் பார்க்கல."

பெஞ்சின் ஓரத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்துகொண்டார்கள். ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியாததுபோல் நின்றார்கள்.

செயலாளர் என்னிடம் வந்தார்.

"ஐயா, நான் உங்க பேத்தின்னு நெனச்சேன்" என்றேன்.

"தெரியும் தம்பி. பதிவேட்டைப் பார்த்துட்டு என்னை ஒரு பார்வை பார்த்தியே, அப்பவே தெரியும்."

"ஏன் கேக்கல? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"துக்கத்துல இருக்கிறவன்கிட்ட என் வீட்டுக் குழந்தை இல்லைன்னு எப்படிப்பா வாதாடறது?"

எட்டு மாதம். இருவரும் தண்ணீர்த் தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மூன்று மாதம் செய்து பார்ப்போம் என்று முடிவானது. நர்ஸ் பெஞ்சைச் சுற்றி வரும்போது துணைக்குழுவில் ஒருவர் கூட வரவேண்டும், யாரை ஏன் முன்னால் அழைத்தார்கள் என்று கூட்டத்துக்கு உரக்கச் சொல்லவேண்டும் என்று செயலாளர் எழுதச் சொன்னார். "யாராக இருந்தாலும் நம்பர்" என்ற போர்டை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்படியே இருக்கிறது.

ஜஸீலாவின் குழந்தை தண்ணீர் கேட்டது. அவள் தொட்டியில் கிளாஸைப் பிடித்தாள். தகட்டைப் பார்த்தாள். பர்மிய எழுத்தை மெதுவாகக் கூட்டிப் படித்தாள். சாந்தகுமாரி. குழந்தை குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றது. ஜஸீலா மறுபடி கிளாஸைப் பிடித்தாள்.

எல்லோரும் போன பிறகு ஏஞ்சலா அக்கா தாள்களை எண்ணி அடுக்கினாள். பிறகு ஒரு வெற்றுத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"எல்லார்கிட்டயும் வாங்கின. உன்னுது இல்லை."

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். தேதி. கிழமை. டோக்கன் எண் பன்னிரண்டு என்று எழுதி, அடித்து, முப்பத்தெட்டு என்று எழுதினேன்.

பெஞ்சில் உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்? அவருக்கு எப்படி இருந்தது?

நான் பக்கத்தில் இல்லை, என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதைப் படித்துவிட்டு மற்றவற்றோடு வைத்தாள்.